பீட்டர் பான் முன்கதையில மோலிதான் உயிர்

ஒரு க்ளாசிக் கதைக்கு ப்ரீக்வல், அதாவது முன்கதை, எழுத உட்காரும்போதே ஒரு சிக்கல் கூடவே வந்துடுது, முடிவு என்னன்னு படிக்கிற குழந்தைக்கு ஏற்கனவே தெரியும். வளரவே வளராத பையன் பீட்டர் பானோட கதைக்கு முன்கதையா, எழுத்தாளர்கள் டேவ் பாரியும் ரிட்லி பியர்சனும் சேர்ந்து 2004-ல ஆரம்பிச்ச ஸ்டார்கேட்சர்ஸ் சீரீஸையே எடுத்துக்குங்க. கப்பல் உடைஞ்சாலும், கொள்ளைக்காரன் கத்தியோட பாஞ்சாலும் பீட்டர் சாக மாட்டான், பின்னாடி கேப்டன் ஹூக் ஆகப்போற வில்லனும் சாக மாட்டான், ஏன்னா ரெண்டு பேரும் மூலக்கதையை எழுதின ஜே.எம்.பாரியோட (இனி பாரின்னா இவர்தான்) 1911 நாவலுக்குப் பத்திரமா போய்ச் சேர்ந்தாகணும். அப்போ பதற்றத்துக்கு எங்க போறது? இவங்க வேகத்தை வச்சு சமாளிக்கிறாங்க. ரெண்டு கப்பல், ஒரு மர்மப் பெட்டி, சின்னச் சின்ன அத்தியாயம், இங்க ஒருத்தன் கடல்ல விழுறான்னா உடனே அந்தக் கப்பலுக்குத் தாவிடுறாங்க. குழந்தை புத்தகத்தைக் கீழ வைக்காது. இதுல எனக்கு ஒரு குறையும் இல்ல.

எனக்கு மனசு ஒட்டாத இடம் வேற. ப்ரீக்வல்னாலே மூலக்கதையில இருக்கிற ஒவ்வொரு அதிசயத்துக்கும் காரணம் சொல்லியே ஆகணும்னு ஒரு வழக்கம் இருக்கு பாருங்க, அதுதான். வானத்துலேர்ந்து விழுற ஸ்டார்ஸ்டஃப்னு ஒரு பொருள், அது பட்டா மீன் கடல்கன்னி ஆயிடும், பறவை டிங்கர் பெல்ங்கிற குட்டித் தேவதை ஆயிடும், பீட்டர் பறப்பான், அவனுக்கு வயசும் ஏறாது. பீட்டர் வாழற நெவர்லேண்ட் தீவுக்குப் பேர் எப்படி வந்துச்சுன்னா அதுக்கும் நெவர் லேண்ட்னு ஒரு கப்பல். எல்லாம் கச்சிதமா பொருந்துது, ஆனா பொருந்தப் பொருந்த மாயம் குறைஞ்சுக்கிட்டே வருது. பாரி என்ன சொல்றார்? முதல் குழந்தை முதல் தடவை சிரிச்சப்போ அந்தச் சிரிப்பு ஆயிரம் துண்டா உடைஞ்சு துள்ளிக்கிட்டு ஓடுச்சாம், தேவதைகள் அப்படித்தான் வந்தாங்களாம். இதுவும் எப்படி வந்துச்சுங்கிற கேள்விக்குப் பதில்தானே, ஆனா இதைக் கேட்ட குழந்தை அடுத்து ஒரு பாப்பா சிரிக்கிறதைப் பார்த்தா அதோட கண்ணு எப்படி விரியும்னு நினைச்சுப் பாருங்க. ஸ்டார்ஸ்டஃப்புக்கு அந்த சக்தி இல்ல.

பாரியே ஒரு விளக்கத்தைப் பின்னாடி சேர்க்க வேண்டி வந்துச்சு. 1904-ல அவரோட பீட்டர் பான் நாடகம் மேடையேறினதுக்கு அப்புறம் குழந்தைங்க வீட்டுக்குப் போய்க் கட்டில்லேர்ந்து பறக்க முயற்சி பண்ணி அடிபட்டுக்கிட்டாங்கன்னு பெத்தவங்க கேட்டுக்கிட்டதால, தேவதைத் தூள் மேல படாம யாராலயும் பறக்க முடியாதுன்னு சேர்த்ததா அவரே எழுதியிருக்கார். பிள்ளைங்க மேல இருந்த அக்கறையில வந்த விளக்கம் அது, அழகாவும் இருக்கு.

இன்னொண்ணு கதை சொல்ற குரல். பாரி நாவல்ல கதைசொல்லி பக்கத்துலயே உட்கார்ந்திருப்பார், எந்த சாகசத்தைச் சொல்லலாம்னு காசு சுண்டிப் பார்த்து முடிவு பண்ணுவார், நடுவுல நம்மகிட்டயே பேசுவார். ப்ரீக்வல்ல அந்த ஆளே இல்ல, கேமரா மட்டும் ஓடுது. என்னைக் கேட்டா பெரிய நஷ்டம் இதுதான்.

ஆனா இந்த முன்கதையில பீட்டரோட சாகசத்துல கூட வர்ற பொண்ணு மோலி! இந்த சீரீஸை நான் இன்னும் விடாம பேசிக்கிட்டு இருக்கிறதுக்குக் காரணமே அவதான். முதல் புத்தகத்துல அவ மூலக்கதையில நமக்குத் தெரிஞ்ச யாரும் இல்ல, அதனால அவளுக்கு என்ன ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது, பயம் முழுக்க அவமேலதான் இருக்கு. தைரியசாலி, பீட்டரைவிட நிறைய விஷயம் தெரிஞ்சவ, கடைசியில அவன் தீவுலயே தங்கிடுறான், அவ லண்டனுக்குத் திரும்பிப் போறா. 2009-ல வந்த நாலாவது புத்தகத்துல அவ திருமதி டார்லிங், அதாவது மூலக்கதையில பீட்டரோட பறந்து போற வெண்டியோட அம்மா. பீட்டர் அப்படியே பையனாவே இருக்கான். பாரி நாவலோட ஆரம்பத்துல திருமதி டார்லிங்குக்குச் சின்ன வயசுல கேள்விப்பட்ட பீட்டர் பான் லேசா ஞாபகம் வரும், அப்போ நம்பினேன், இப்போ நம்ப முடியலைங்கிற மாதிரி கடந்து போயிடுவா. ரெண்டே வரி. பாரி அங்கேயே விட்டுட்டுப் போன அந்த இழையைப் பிடிச்சு இந்த ரெண்டு எழுத்தாளரும் ஒரு பொண்ணோட முழு வாழ்க்கையையே கட்டியிருக்காங்க. பாரியோட திருமதி டார்லிங்குக்கு இந்தக் கதை முழுசா ஒத்துப் போகலதான், இருந்தாலும் பறக்கிறதுக்குக் காரணம் சொல்றதைவிட இது எவ்வளவோ மேல, ஏன்னா வளர்றவங்களுக்கும் வளராதவனுக்கும் நடுவுல இருக்கிற வலி இங்கதான் நமக்குப் புரியுது.

அதனால பிள்ளைங்களுக்குக் கொடுக்கும்போது வரிசை முக்கியம், வருஷக் கணக்குல முன்கதைதானேன்னு இதை முதல்ல கொடுக்காதீங்க. முதல்ல பாரி நாவலைப் படிக்கட்டும், அப்புறம் இது. அப்பதான் மோலி யாரா ஆகப்போறான்னு நாலாவது புத்தகத்துல தெரியும்போது அந்த அதிர்ச்சி முழுசா போய்ச் சேரும்.