கனமாகத் திரும்பி வந்த டிபன் பாக்ஸ்

என் பெண் ஒன்பதாவது படிக்கிறாள், இங்கே கோத்தகிரியில்தான். போன ஆனி மாதம் ஒரு வாரம் முழுக்க டிபன் பாக்ஸ் கனமாகவே திரும்பி வந்தது. திறந்தால், மடித்து வைத்த ராகி தோசை அப்படியே இருக்கும், ஓரம் விறைத்துப்போய். கேட்டால் "பசிக்கலம்மா". காலையிலும் பால் சேர்க்காத டீயும் ஒரு வர்க்கியும் மட்டும்தான். பால் குடித்தால் சதை போடுமாம்.

திட்டிப் பார்த்தேன், பலனில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துவிடும்போது அவளே சொன்னாள். வைகாசியில் நடந்த கல்யாணத்தில் என் பெரியம்மா அவள் கையை, தோளுக்குக் கீழே பிடித்துக் கிள்ளி, "என்னடி, அம்மாவையே மிஞ்சிருவ போல" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். நானும் சிரித்தேனாம். எனக்கு அது ஞாபகத்தில்கூட இல்லை.

வயசுக்கு வந்த பிள்ளைக்கு இடுப்பிலும் தொடையிலும் சதை பிடிப்பது இயற்கை. சடங்கு வீட்டில் உளுந்தங்களி ஊட்டிவிட்ட அதே கைதான் ஆறு மாதம் கழித்து அவளைக் கிள்ளிப் பார்க்கிறது. செல்போனில் வரும் படங்களும் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் முதல் அடி வீட்டில்தான் விழுகிறது என்று நினைக்கிறேன்.

இதில் எனக்குப் பெரிய பயம் எலும்பு. பெண் பிள்ளைகளின் எலும்பு வலு சுமார் 90 சதவீதம் 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. 13 முதல் 15 வயது வரை தினமும் 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்). 100 கிராம் ராகியில் 300க்கு மேல் இருக்கிறது, ஒரு டம்ளர் பாலில் 200க்கு மேல். அவள் ஒதுக்கியது சரியாக இந்த இரண்டையும்தான். சாப்பாட்டை ரொம்பக் குறைத்தால் மாதவிடாயே நின்றுபோகும். அதோடு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும் குறைந்தால் எலும்பும் தேய ஆரம்பிக்கும். மாதவிடாய் நின்றால் பரீட்சை டென்ஷன் என்று விட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம் வெயில். மழைக்காலம் முழுக்க இங்கே மூடுபனி. அபூர்வமாக வெயில் அடித்தாலும், கறுத்துவிடுவேன் என்று இந்தப் பிள்ளைகள் ஸ்வெட்டரைக் கழற்றுவதில்லை. கால்சியம் உடம்பில் சேர வேண்டிய வைட்டமின் டி எங்கிருந்து வரும்?

என் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். 61 வயதில் ஈரப் படியில் சாதாரணமாக வழுக்கினார், மணிக்கட்டு உடைந்துவிட்டது. சின்ன வயசில் வயிறாரச் சாப்பிட அவருக்கு வழி இருக்கவில்லை. என் பெண்ணுக்குத் தட்டில் எல்லாம் இருக்கிறது, கைதான் போகவில்லை.

அதனால் "சாப்பிடு, சாப்பிடு" என்று விரட்டுவதை நிறுத்திவிட்டேன். எடை பார்க்கும் மெஷின் பரண் மேலே போய்விட்டது. அன்று சிரித்தது தப்பு என்று அவளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை, தலையை மட்டும் என் முழங்காலில் சாய்த்துக்கொண்டாள். ராகி தோசை இப்போது பாதியாவது உள்ளே போகிறது.

அடுத்த மாதம் குன்னூரில் ஒரு கல்யாணம். பெரியம்மாவுக்கு முன்கூட்டியே போன் போட்டு, "பிள்ளையைப் பார்த்ததும் உடம்பைப் பத்தி ஒண்ணும் சொல்லாதீங்க பெரியம்மா" என்று கேட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நான் சொன்னதாலயா சாப்பிடாம இருந்துச்சு?" என்றார்.