வாடைக்கு எதிரே எழும் கழுகு

பறக்கும் கழுகைப் படமெடுக்க ஷட்டர் வேகம் 1/500 வினாடி போதும், கிட்டே வராவிட்டால் மீனை வீசுங்கள் என்று உங்கள் கட்டுரையில் இருக்கிறது. இரண்டையும் ஏற்க மனம் வரவில்லை.

வட்டமிடும் கழுகுக்கு 1/500 சரியாக வரலாம். நீரில் பாயும்போது சிறகு நுனி கலங்கிவிடும். 1/2000க்குக் கீழே நான் இறங்குவதில்லை. வெளிறிய வானத்தின் முன்னால் பறவை கருநிழலாக விழாமல் இருக்க எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது ஒளியை இரு மடங்காக, கூட்டிக்கொள்வேன்.

லென்ஸைவிடக் காற்றுதான் முக்கியம். பெரிய பறவைகள் காற்றுக்கு எதிர்முகமாகத்தான் எழும்பும். மார்கழியில் கோடியக்கரைப் பக்கம் வாடை வடகிழக்கிலிருந்து வீசும், காலை வெயிலும் கிழக்கே. பறவைக்குக் கிழக்கே நின்றால் வெளிச்சம் நம் முதுகில், கழுகு நம்மைப் பார்த்து எழும்பும். ஆடியில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று, அப்போது சாயங்காலம் மேற்கே நிற்க வேண்டும். வேதாரண்யம் உப்பளங்களில் இன்னொரு கொடை உண்டு: தரையின் வெண்மை பட்டு இறக்கையின் அடிப்பக்கம்கூடத் துலங்கும். அந்த ஒளிக்காகவே விடியுமுன் போய்விடுவேன்.

மீன் வீசுவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஆளைக் கண்டால் இரை என்று பழகிய பறவை, கெடுதல் செய்பவனிடமும் அப்படியேதான் வரும். வெண்வயிற்றுக் கடற்கழுகின் கூட்டருகே நின்றும் எடுக்காதீர்கள். தொந்தரவு மிஞ்சினால் முட்டையோடு கூட்டைக் கைவிட்டுப் போய்விடும். 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் பறவை அது. கட்டுரையில் மீன் வீசச் சொல்லும் அந்த ஒரு வரியைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.