பேலியேட்டிவ் கேர் என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை

கடும் நோயுள்ள குழந்தையை பேலியேட்டிவ் கேர் (வலியையும் அவதியையும் குறைக்கும் பராமரிப்பு) பிரிவுக்கு அனுப்பினால், இனி சிகிச்சை கிடையாது என்று பொருள் என இணையத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்வதால் சொல்கிறேன்: அந்தத் தகவல் சரியில்லைங்க.

உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கென்று 1998-இல் தந்த வரையறைப்படி, இந்தப் பராமரிப்பு நோய் கண்டறியப்பட்டதுமே தொடங்குகிறது. நோய்க்கான சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் தொடர்கிறது. உடலோடு மனதைக் கவனிப்பதும் குடும்பத்துக்குத் துணை நிற்பதும் அதற்குள் அடக்கம். ஊசியைக் கண்டு நடுங்கும் குழந்தைக்கு முதலில் பொம்மைக்கு ஊசி போட்டுக் காட்டுவது, தூக்கம் தொலைத்த அம்மாவை உட்காரவைத்து மனம்விட்டுப் பேசவிடுவது, ‘நான் சண்டை போட்டதால்தான் தம்பிக்கு இப்படி ஆச்சா?’ என்று உள்ளுக்குள் மருகும் அக்காவுக்குப் பதில் சொல்வது, இதெல்லாம் அந்த வேலைதான். கீமோ (புற்றுநோய்க்கான மருந்து சிகிச்சை) ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்கும்.

நீங்களே சரிபார்க்கலாம். அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் பேலியேட்டிவ் கேர் பற்றிய பக்கம் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. அப்புறம், “இப்போது நடக்கும் சிகிச்சை நிற்குமா?” என்று குழந்தையின் டாக்டரிடமே நேராகக் கேளுங்கள். பயத்தில் மறுத்துவிட்டால் குழந்தைக்கு இந்த உதவி தள்ளிப்போகும். அதுதான் எனக்குக் கவலை.