ரஸ்ட்டில் வெப் படிக்க வருகிறவர்களுக்கு

ரஸ்ட் என்ற புரோகிராமிங் மொழியில் வெப் டெவலப்மெண்ட் படிக்கலாமா என்று கேட்கிறவர்கள் எல்லாரும், மெமரியை யார் எப்போது தொடலாம் என்று கம்பைல் செய்யும்போதே சோதிக்கிற பாரோ செக்கரை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். யார் கிளப்பிவிட்ட பயமோ! சாதாரண வெப் சர்வரில் ரிக்வெஸ்ட் வருகிறது, டேட்டாபேஸில் போட்டு எடுக்கிறோம், ஜேசனாகத் திருப்பி அனுப்புகிறோம். இதில் ஒரு ரெஃபரன்ஸ் எதுவரை செல்லும் என்று சொல்லும் லைஃப்டைம் குறி போட வேண்டிய அவசியமே அபூர்வம்.

தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது. டோக்கியோ குழு 2021இல் வெளியிட்ட ஆக்ஸம் என்ற வெப் ஃபிரேம்வொர்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹேண்ட்லரில், அதாவது ரிக்வெஸ்ட்டுக்குப் பதில் தருகிற ஃபங்ஷனில், பாடியைப் படிக்கிற ஜேசன் ஆர்க்யுமெண்டை முதலிலும், ஹேண்ட்லர்கள் பகிர்ந்துகொள்ளும் டேட்டாவான ஸ்டேட்டை அடுத்தும் எழுதினால் கம்பைல் ஆகாது. ரிக்வெஸ்ட் பாடியை ஒரு தடவைதான் படிக்க முடியும். அதனால் அதைப் படிக்கிற ஆர்க்யுமெண்ட் கடைசியில்தான் வர வேண்டும். நியாயமான காரணம்தான். ஆனால் எரர் மெசேஜ் அதைச் சொல்லாது. 'ஹேண்ட்லர் டிரெய்ட் பொருந்தவில்லை', அதாவது இந்த ஃபங்ஷன் ஹேண்ட்லராக இருக்கத் தகுதியில்லை என்று ரூட் எழுதிய வரியைக் காட்டிவிட்டு நிற்கும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே டேட்டாவைத் தொடும்படி பூட்டுகிற ஸ்டாண்டர்ட் லைப்ரரி மியூடெக்ஸின் பூட்டை விடாமல், வேறொரு வேலை முடியக் காத்திருக்கும் அவெய்ட்டைப் போட்டாலும் இதே பாட்டுதான். ஃபங்ஷனுக்கு மேலே டீபக்_ஹேண்ட்லர் மேக்ரோவைப் போடுங்கள், உண்மையான காரணம் வெளியே வரும். இதை முதல் நாளே யாராவது சொல்லிக்கொடுத்தால் பாதிப் பேர் ஓடமாட்டார்கள்.

அப்புறம் ஏன் இந்தப் பாடு? எஸ்க்யூஎல்எக்ஸ் (SQLx) என்று டேட்டாபேஸோடு பேசுகிற ரஸ்ட் லைப்ரரி ஒன்று இருக்கிறது. அதன் குவெரி மேக்ரோ, கம்பைல் செய்யும்போதே டேட்டாபேஸிடம் கேட்டு உங்கள் குவெரியைச் சரிபார்க்கும். போன் நம்பர் நெடுவரிசை காலியாக (null) இருக்கலாம் என்றால், அது 'இருக்கலாம், இல்லாமலும் போகலாம்' என்று சொல்லும் ஆப்ஷன் டைப்பாகத்தான் கைக்கு வரும். நம்பர் இல்லாதவருக்கு என்ன செய்வது என்று எழுதாமல் நகர முடியாது. பைத்தானில் இது யாரோ ஒரு யூசர் லாகின் செய்யும்போதுதான் தெரியவரும்.

அதற்காக ரஸ்ட் எழுதினாலே பத்திரம் என்று அர்த்தமில்லை. 2025 நவம்பர் 18இல், பல வெப்சைட்டுகளுக்கு முன்னால் நிற்கும் நெட்வொர்க் நிறுவனமான கிளவுட்ஃபிளேர் முடங்கியபோது, அவர்களுடைய ரஸ்ட் கோடில் ஒரு அன்ராப்தான் பேனிக் ஆனது, அதாவது எரர் வராது என்று நம்பி எழுதிய இடத்தில் எரர் வந்து புரோகிராம் நின்றது. எரரைக் கையாளாமல் அன்ராப் போட்டுத் தள்ளுகிற பழக்கம் இருந்தால் எந்த மொழியும் காப்பாற்றாது.

வேகத்துக்காக வருகிறேன் என்றால் வேண்டாம். சாட் ஆப்பான டிஸ்கார்ட் ஒரு சர்வீஸை கோ (Go) மொழியிலிருந்து ரஸ்ட்டுக்கு மாற்றியதற்குக் காரணம் இருந்தது: 2 நிமிடத்துக்கு ஒருமுறை, பயன்படாத மெமரியைச் சுத்தம் செய்கிற கார்பேஜ் கலெக்டர் ஓடி, ரெஸ்பான்ஸ் தடுமாறியது. உங்கள் ஆப் பெரும்பாலும் டேட்டாபேஸ் பதிலுக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கும்.

குக்கி என்ன செய்கிறது, 401க்கும் 403க்கும் என்ன வித்தியாசம் என்பதே தெரியாதவர்கள் முதலில் பைத்தானிலோ பிஎச்பியிலோ எழுதிப் பழகுங்கள். வெப், ரஸ்ட் இரண்டையும் ஒரே நேரத்தில் கற்றால், தப்பு எச்டிடிபியிலா டைப்பிலா என்றே புரியாது. ஏற்கெனவே பேக்கெண்ட் எழுதுகிறவர்கள் தாராளமாக வரலாம்.

பழைய வீடியோ பார்த்து எழுதுகிறவர்கள் கவனிக்க: ஆக்ஸம் 0.8இலிருந்து யூஆர்எல் பாத்தில் ஐடி மாதிரி மாறுகிற பகுதிக்கு முன்னால் கோலன் போடுவதில்லை, சுருள் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். பழையபடி எழுதினாலும் கம்பைல் ஆகிவிடும். சர்வரை ஓட்டியதும் பேனிக் ஆகும்.