பொன்னாடையைக் கொண்டு பியானோவுக்குச் சுருதி கூட்ட முடியாது

சனிக்கிழமை நம் ஊர் மண்டபத்தில் ஒரு பெண்பிள்ளை பியானோக் கச்சேரி வாசித்துக்கொண்டிருக்கும்போதே வாகன இலக்கத்தை ஒலிபெருக்கியில் அறிவித்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதைத்தான் எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டீர்களே. ஷோப்பான் என்ற இசையமைப்பாளர் பியானோவுக்கு எழுதிய முதலாவது 'பல்லாட்' என்ற படைப்பில், கடைசிப் பகுதியின் அந்த வேகம் பிடிக்கும் இடத்தில், "வெள்ளை நிற வேன் உரிமையாளர் உடனடியாக வாசலுக்கு வரவும்" என்று கேட்டது வேதனைதான். ஆனாலும் தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று அதை விட்டுவிடலாம்.

விட முடியாதது, அந்தப் பிள்ளை வாசித்ததற்குச் சன்மானம் கேட்டது தெரிய வந்த பிறகு அவரைக் குறைசொல்லி எழுதப்பட்டவை. மண்டபத்துக்குக் காசு கொடுத்தார்கள், சிற்றுண்டிக்குக் கொடுத்தார்கள், ஒலிபெருக்கிக்குக் கொடுத்தார்கள், காணொளி எடுத்தவருக்கு முற்பணமே கொடுத்தார்கள். எதைக் கேட்பதற்காக அங்கே கூடினோமோ அதை வாசித்தவருக்கு மட்டும் ஒரு பொன்னாடை. ஏற்பாட்டுக் குழுவின் மூத்தவர் ஒருவர் அவரிடம் சொன்னாராம்: "என்ன மகள், நம்மட ஊருக்குத்தானே வாசிக்கிறீங்க, இதுக்கும் காசா?" காணொளிக்காரரும் நம்மட ஊர்தான், ஐயா.

கச்சேரிப் பியானோ வாசிப்பது ஒரு தொழில். ஏறத்தாழப் பத்து நிமிடம் ஒலிக்கும் அந்த ஒரு படைப்பை வலக்கையைத் தனியாக, இடக்கையைத் தனியாக, ஆமை வேகத்தில், எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று பென்சிலால் இலக்கமிட்டு, பிறகு தாளைப் பார்க்காமல் வாசிக்கும் அளவுக்கு மனதில் ஏற்றிக்கொண்டுதான் அவர் மேடைக்கு வந்தார். இன்று பியானோக் கலைஞர்கள் மேடையில் மனப்பாடமாக வாசிக்கும் வழக்கத்தை நிலைநாட்டியவர்களுள் ஒருவரான கிளாரா ஷூமான் 1819இல் பிறந்தவர். சிறுவயதிலேயே மேடை ஏறியவர். கணவர் 1854இல் மனநோய் மருத்துவமனைக்குப் போய் இரண்டு ஆண்டுகளில் அங்கேயே இறந்துபோக, ஏழு பிள்ளைகளைக் கச்சேரி வாசித்துத்தான் அவர் வளர்த்தார். அந்தப் பிள்ளைகளுக்குப் பொன்னாடையைக் கரைத்துக் கொடுத்திருக்க முடியுமா?

என் சின்னம்மா மட்டக்களப்பில், புளியந்தீவில் பியானோ படிப்பித்தவர். மாரி பிறந்தால் எங்கள் வாவிக் காற்றின் ஈரத்துக்குப் பியானோவின் கட்டைகள் வீங்கி, அழுத்தியது மேலே எழும்பாமல் அப்படியே கிடக்கும். அதற்காக அடிப்பலகையைக் கழற்றி உள்ளே ஒரு சிறிய மின்குமிழை எரியவிட்டிருப்பார். இரவில் அந்தப் பலகையின் இடுக்குகளால் மஞ்சள் வெளிச்சம் கசியும். உப்புக் காற்று கம்பிகளைத் துருப்பிடிக்க வைக்கும், சுத்தியல்களின் கம்பளியைப் பூச்சி தின்னும், மரத்தைக் கறையான் பார்த்துக்கொள்ளும். 200க்கும் மேற்பட்ட கம்பிகளைச் சுருதி கூட்டுபவர் கொழும்பிலிருந்து வரவேண்டும். பயணச் செலவு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சின்னம்மாவின் கையிலிருந்துதான். அவர் வீட்டுக்கு வந்த பெற்றோர்களில் எத்தனை பேர் மாதக் கட்டணத்துக்குப் பதிலாக நத்தார் கேக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள் என்பது எனக்குத் தெரியும். அதே பெற்றோர் கணித ரியூசனுக்கு ஒரு மாதம்கூடக் கடன் சொன்னதில்லை.

"கலையைக் காசாக்கலாமா?" என்று கேட்கிறீர்கள். திருவிழாவுக்கு நாதஸ்வரக்காரரைப் பேசும்போது முற்பணம் கொடுக்காமல் பேசுவீர்களா? அவர் வாங்கினால் அது மரபு, இந்தப் பிள்ளை கேட்டால் பேராசை.

இன்னொருவர், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியப் பியானோக் கலைஞர் மைரா ஹெஸ் இலண்டனில் சன்மானமில்லாமல் வாசித்ததை எடுத்துக்காட்டி எனக்குப் பாடம் நடத்தினார். நல்ல எடுத்துக்காட்டு, முழுவதையும் சொல்லியிருக்கலாம். 1939 ஒக்டோபரில், ஓவியங்கள் பாதுகாப்பாக வெளியே அனுப்பப்பட்டிருந்த தேசிய ஓவியக்கூடத்தில் அவர் மதியக் கச்சேரிகளைத் தொடங்கினார். 1946 வரை நடந்த அந்தக் கச்சேரிகளுக்கு நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். ஹெஸ் தனக்கென்று எடுக்கவில்லை. ஆனால் அங்கே வாசித்த மற்றக் கலைஞர்களுக்கு, பெரியவர் சிறியவர் என்று பாராமல், ஒரே தொகை கொடுக்கப்பட்டது. குண்டு விழுந்த நகரத்தில் அதற்குக் காசு இருந்தது. இங்கே ஒரு குளிரூட்டிய மண்டபத்தில் இல்லை.

"இது நம்முடைய கலையா?" என்பதற்குப் பதில் சொல்வதே வீண் வேலை, இருந்தாலும் சொல்கிறேன். வயலின் எங்கிருந்து வந்தது? பஜனைக்கு வாசிக்கும் ஆர்மோனியம் எந்த ஊர்? காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர், வழக்கொழிந்த யாழைச் சுரக் கணக்குப் போட்டு ஆராய்ந்து 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். ஒரு கருவிக்கு எவ்வளவு உழைப்புத் தேவை என்பது இந்தப் பக்கத்து மனிதருக்குத் தெரியாததல்ல. மேலைத்தேய சங்கீதம் நம் பாடசாலைகளில் ஒரு பாடமும்கூட. இலங்கையில் பிறந்த ரொஹான் டி சில்வா, உலகப் புகழ்பெற்ற கலைஞர் இட்சாக் பேர்ள்மனின் வயலினுக்கு நெடுங்காலமாகப் பியானோ வாசித்து வருகிறார். அவரும் இங்கே வந்தால் நீங்கள் ஒரு பொன்னாடையோடுதான் நிற்பீர்கள் போலிருக்கிறது.

"நீ ஏன் இவ்வளவு கோபப்படுகிறாய், உனக்கு என்ன இலாபம்?" என்று உட்பெட்டியில் கேட்டவருக்கு: ஒரு இலாபமும் இல்லை. சின்னம்மாவிடம் படித்த பிள்ளைகள் இன்று மருத்துவர்களாகவும் பொறியியலாளர்களாகவும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூடப் பியானோவைத் தொழிலாக எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைத்தான் சனிக்கிழமை பார்த்தோமே.

அந்த மண்டபத்துப் பியானோவுக்குச் சுருதி கூட்டியவருக்கும் அந்தப் பிள்ளைதான் தன் கையிலிருந்து கொடுத்திருக்கிறார் என்று நேற்றுத்தான் அறிந்தேன். குழு தன் வரவு செலவுக் கணக்கை வாசிக்கும்போது, மாலைக்கும் பொன்னாடைக்கும் ஆன செலவுக்குக் கீழே அந்தத் தொகையையும் எழுதி, அதை யார் கொடுத்தது என்பதையும் சேர்த்து வாசிக்கட்டும்.