கடற்பாசியை வீட்டு அவனில் (oven) வறுத்தால் டீசல் வராது

சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் ஒதுங்கும் கடற்பாசியை அள்ளி வந்து அவனில் 250 டிகிரியில் வறுத்தால் உப்பெல்லாம் போய் டீசல் சொட்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது, எங்கள் சித்தப்பாவே அனுப்பியிருந்தார். தயவுசெய்து யாரும் செய்து பார்க்காதீர்கள்.

வறுப்பது என்பது மட்டும் உண்மை. பச்சைப் பாசியில் 80 முதல் 90 விழுக்காடு தண்ணீர்தான். அதை உலர்த்தி, அப்புறம் காற்றுப் புகாத கலனில் 200 முதல் 300 டிகிரி வரை சூடாக்கினால் மிச்ச ஈரமும் ஆக்சிஜனில் ஒரு பகுதியும் வெளியேறி, கருத்து, எளிதில் நொறுங்கும் பொருளாகிவிடும். இது முன்தயாரிப்பு. கையில் இருப்பது இன்னும் திடப்பொருள்தான்.

எண்ணெய் அடுத்த கட்டத்தில் வருகிறது: சுமார் 500 டிகிரியில் ஆக்சிஜன் இல்லாமல் வேகமாகச் சிதைத்து, கிளம்பும் ஆவியை உடனே குளிரவைத்துப் பிடிக்க வேண்டும். அதுவும் டீசல் இல்லை, தண்ணீரும் அமிலமும் கலந்த உயிரி எண்ணெய், சுத்திகரிக்காமல் ஊற்றினால் எஞ்சின் அரித்துப்போகும். முன்பே வறுத்தால் எண்ணெயின் அமிலத்தன்மை குறையும், ஆனால் அளவும் பொதுவாகக் குறைந்துவிடும்.

சரி, உப்பு? அது ஆவியாகாது. பாசியின் எடை குறையக் குறைய, உப்பு அடங்கிய சாம்பலின் பங்கு கூடத்தான் செய்யும், அதனால்தான் முதலில் தண்ணீரில் அலசுகிறார்கள்.

வீட்டு அவனில் காற்று இருக்கும், பாசி புகையும். வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடும் வரும், ஜன்னல் சாத்திய வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து.