விரலை வைத்த பிறகும் மூன்று மணி நேரம்

இரவு 7.30 மணிக்கு எந்திரத்தில் விரலை வைத்து வேலை முடிந்ததாகப் பதிவு செய்துவிட்டு, அதே படிகளில் மறுபடியும் மேலேறிச் சென்று 10.30 மணி வரை கவுண்டரில் நிற்க வேண்டும் என்பதை நிரந்தர நடைமுறையாக்கி வைத்திருப்பவர்களிடம், அது திருட்டு என்று இதுவரை யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. நான் சொல்கிறேன். நாகர்கோவிலில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் பட்டுப் பிரிவில் பல ஆண்டுகளாக நிற்கிறவள் நான். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. ஒன்றை எழுதினால், இதையே செய்கிற மற்றவர்கள் தங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று ஒதுங்கிக்கொள்வார்கள்.

பதிவேட்டின்படி எங்கள் வேலை காலை 10 மணி முதல் இரவு 7.30 வரை. இடையில் மதிய உணவுக்கு ஒரு மணி நேரம், தேநீருக்கு அரை மணி நேரம் என்று காட்டி, எட்டு மணி நேரம் என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள். உண்மையில் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் சேர்த்து அரை மணி நேரம் கிடைத்தாலே பெரிது; கூட்டம் இருக்கும் நாளில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தவுடனே கீழிருந்து அழைப்பு வந்துவிடும். 7.30க்கு விரல் வைத்தாகிவிட்டது என்பதால், அதன் பிறகு நாங்கள் செய்வது எதுவும் எந்தத் தாளிலும் இல்லை. ஷட்டர் 9.30க்குப் பாதி இறங்கும். வாடிக்கையாளர்கள் விரித்துப் பார்த்துவிட்டுப் போன புடவைகள் அப்போதுதான் எங்கள் கைக்கு வருகின்றன. ஒவ்வொன்றையும் பழைய மடிப்பு குலையாமல் மடித்து, முந்தானை வெளியே தெரியும்படி அடுக்கி, விலைச்சீட்டும் பார்கோடும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, எண்ணிக்கையைக் கணினியோடு சரிபார்க்க வேண்டும். ஒரு புடவை குறைந்தால் அந்தப் பிரிவே நின்று தேட வேண்டும். கிடைக்காவிட்டால் எங்கள் சம்பளத்தில் பிடித்தம். சூரத்திலிருந்து பண்டல் வந்திறங்கிய நாளாக இருந்தால், அதைப் பிரித்து டேக் அடித்து முடிக்கும்வரை யாரும் வாசலைத் தாண்ட முடியாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு விற்பனைப் பெண்ணின் மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 208 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 58 ரூபாய் வருகிறது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், எட்டு மணி நேரத்துக்கு மேல் வாங்கும் வேலைக்கு இரட்டிப்புக் கூலி கொடுக்க வேண்டும் என்று 31ஆவது பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. 7.30க்குப் பிறகு மூன்று மணி நேரம், கிடைக்காமல் போகும் இடைவேளை ஒரு மணி நேரம் என்று நாளுக்கு நான்கு மணி நேரம் கூடுதல் என்றால் மாதத்துக்கு 104 மணி நேரம். இரட்டிப்புக் கூலியில் அதைப் பெருக்கினால் சரியாக இன்னொரு 12,000 ரூபாய் வருகிறது. ஒவ்வொரு பெண்ணிடமிருந்தும் மாதந்தோறும் ஒரு முழுச் சம்பளம் இப்படிப் பறிபோகிறது. அதற்கு ஈடாக நாங்கள் பெறுவது இரவு ஒரு காகிதக் கோப்பைத் தேநீரும், தீபாவளிக்கு முந்தைய நாட்களில் ஒரு பரோட்டாப் பொட்டலமும்தான். அதே சட்டம், கூடுதல் நேரத்தையும் சேர்த்து நாளுக்குப் பத்து மணி நேரத்தையும் வாரத்துக்கு 54 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது என்கிறது. நாங்கள் வாரத்துக்கு 72 மணி நேரம் நிற்கிறோம். ஆகவே இரட்டிப்புக் கூலி கொடுத்தாலும்கூட இந்த வேலைநேரம் சட்டத்துக்குப் புறம்பானதுதான்.

"சீசன் பிள்ள, கொஞ்ச நாளு பொறுத்துக்க" என்று சூப்பர்வைசர் சொல்கிறார். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் சற்று நேரம் கூடுதலாக நிற்பதில் எனக்கு வருத்தமில்லை. கடை நடந்தால்தான் நமக்கும் சோறு என்பது இங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் குமரி மாவட்டத்தில் சீசன் எப்போது முடிகிறது? ஆடித் தள்ளுபடி முடிவதற்குள் ஓணம் வந்து களியக்காவிளை தாண்டி மலையாளிகள் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஓணம் முடிந்தால் தீபாவளி, அது முடிந்தால் கோட்டாறு சவேரியார் திருவிழாவும் கிறிஸ்துமஸும், பிறகு பொங்கல், தை முகூர்த்தங்கள், ரமலான், பள்ளிச் சீருடை, மறுபடியும் ஆடி. கிறிஸ்தவர்கள் ஏறத்தாழப் பாதியாக வாழும் மாவட்டம் என்பதால், மற்ற ஊர்களில் தீபாவளியோடு ஓய்கிற நெருக்கடி எங்களுக்கு டிசம்பர் கடைசி வரை நீள்கிறது. சவேரியார் திருவிழாவுக்கும், மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த நவம்பர் 1க்கும், மண்டைக்காட்டுக் கொடைக்கும், சிவராத்திரிக்கும், சுசீந்திரம் தேரோட்டத்துக்கும் ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிக்கிறார். பள்ளி மூடிக் கிடக்கும் அந்த நாட்களில் பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று தெரியாமல் தவிக்கும் தாய்மார்களுக்கு, அன்றுதான் கடையில் அதிகக் கூட்டம் என்பதால் விடுப்பு கிடையாது. வாரத்துக்கு ஒரு நாள் வரவேண்டிய விடுப்பையும், "அடுத்த வாரம் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம்" என்று சொல்லித் தள்ளிவிடுகிறார்கள். அடுத்த வாரம் ஒருபோதும் வருவதில்லை.

உடம்புக்கு என்ன ஆகிறது என்பதைச் சொல்ல வேண்டும். நாள் முழுவதும் நின்று நின்று முழங்காலுக்குக் கீழே நரம்பு நீலமாகப் புடைத்து நிற்காத பெண் எங்கள் தளத்தில் அரிது. கழிப்பறைக்குப் போய்வரும் நேரத்தைக் கணக்கெடுக்கிறார்கள் என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறோம்; அதனால் வரும் நோய்த்தொற்றுக்கு மருந்து வாங்கும் செலவும் எங்களுடையதே. கடைகளில் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அதன் பிறகு எங்கள் தளத்திலும் ஸ்டூல்கள் வந்தன. அவற்றில் உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு மேலே இருந்து அழைக்கிறார்கள். ஆய்வுக்கு யாராவது வரும் நாளில் மட்டும் அவை கவுண்டருக்குப் பக்கத்தில் நகர்த்தி வைக்கப்படுகின்றன.

உடம்பைவிட எனக்கு அச்சம் தருவது மனத்துக்கு நேர்கிற சிதைவு. குலசேகரம் பக்கத்திலிருந்து வரும் ஒரு தங்கை, பி.காம். படித்தவள், வேலைக்குச் சேர்ந்த புதிதில் எந்தக் கல்யாண வீட்டார் வந்தாலும் அவர்களுடைய நிறத்துக்கும் வயதுக்கும் ஏற்றபடி தேடித் தேடி எடுத்துக் காட்டுவாள். இப்போது வாடிக்கையாளர் பச்சை கேட்டால் நீலத்தை எடுத்து விரித்துவிட்டு, தான் என்ன செய்கிறோம் என்பதே தெரியாமல் நிற்கிறாள். வீட்டில் தாய் எதைக் கேட்டாலும் எரிந்து விழுவதாகவும், விடுப்பு கிடைக்கும் நாளில் எழுந்திருக்கவே பிடிக்காமல் மாலை வரை படுத்துக் கிடப்பதாகவும், காலையில் வடசேரியில் பேருந்தை விட்டு இறங்கும்போதே நெஞ்சு படபடப்பதாகவும் அவள் சொன்னபோது, எனக்கும் இதே போலத்தான் இருக்கிறது என்று சுற்றி நின்ற அத்தனை பேரும் சொன்னார்கள். தீர்க்கப்படாத வேலை நெருக்கடியால் வருகிற இந்தச் சோர்வை, வேலையோடு தொடர்புடைய நிலை என்று உலக சுகாதார நிறுவனம் 2019லேயே வரையறுத்திருக்கிறது. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று அந்த நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் அறிவித்தன. எங்கள் 72 மணி நேரத்தை இந்தக் கணக்கின் எந்த வரிசையில் வைப்பது?

இத்தனைக்கும் பிறகு நிர்வாகம் செய்தது என்ன தெரியுமா? மன அழுத்தத்தைக் கையாள்வது எப்படி என்று ஒருவரை அழைத்து வந்து, கடை திறப்பதற்கு முன்பு காலை 8.30 மணிக்கு வகுப்பு வைத்தது. வீட்டிலிருந்து 6.30க்கே கிளம்ப வேண்டியிருந்தது. மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள், நல்லதையே நினையுங்கள், கடையை உங்கள் குடும்பமாக எண்ணுங்கள் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் தூங்கிவிட்டார்கள். அவர்களுடைய பெயரை எழுதிக்கொண்டார்கள். நோய் எங்கள் மூச்சில் இருப்பதாக நம்புகிறவர்களிடம் எப்படிப் பேசுவது? இரண்டு ஷிப்டுக்குத் தேவையான ஆட்களை எடுக்காமல், இருப்பவர்களையே இரண்டு ஷிப்டும் நிற்க வைத்துவிட்டு, அதைத் தாங்கிக்கொள்ளும் பயிற்சியையும் எங்கள் தூக்கத்திலிருந்தே பிடுங்குகிறார்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்றால், புறநோயாளிகள் பிரிவு நடப்பது காலையில். அந்த நேரத்துக்கு விடுப்பு கேட்டால் அரைநாள் சம்பளம் போகிறது.

இரவில் வீடு திரும்புவதைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் 2021 முதல் இருக்கிறது, ஆனால் 10.30க்கு வெளியே வருகிறவளுக்கு அந்தப் பேருந்து போயிருக்கும். அப்பாவோ அண்ணனோ பைக்கோடு கடை வாசலில் காத்து நிற்கும் வீடுகள் பிழைத்தன. யாரும் இல்லாதவள் ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணத்தில் அன்றையக் கூலியில் பாதி கரைகிறது. கடைகளை 24 மணி நேரமும் திறந்து வைக்க 2019இல் அரசு அனுமதி கொடுத்தபோதே, இரவு 8 மணிக்கு மேல் பெண்களை நிறுத்துவதென்றால் அவர்களுடைய எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும், பாதுகாப்பும் போக்குவரத்தும் தர வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. என்னிடம் இதுவரை யாரும் ஒப்புதல் கேட்டதில்லை. நிற்க முடியாது என்று சொன்னவளை மறுநாள் குடோனுக்கு மாற்றினார்கள். எல்லோருக்கும் விடை கிடைத்துவிட்டது.

கூலியில்லாக் கட்டாய வேலை இந்த மண்ணுக்குப் புதிதில்லை. திருவிதாங்கூர் மன்னராட்சியில் எங்கள் முன்னோரிடம் ஊழியம் என்ற பெயரில் அதைத்தான் வாங்கினார்கள். கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விலக்கு கிடைத்தது. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் ஊழியத்தையும் வரிக்கொடுமையையும் எதிர்த்து நின்று, மன்னரின் சிறைக்குப் போய்வந்தார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் பெற்ற மாவட்டம் இது, 91.75 சதவீதம். அந்தப் படிப்பைப் படித்து முடித்த பெண்கள் இன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் போக முடியாமல், சம்பளமும் இல்லாமல் இரவு 10.30 வரை புடவை மடிக்கிறார்கள் என்றால், ஊழியம் ஒழிந்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வது?

தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியபோது கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்று நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். நல்லது. எந்தச் சட்டமும் இல்லாமலேயே அந்த 12 மணி நேரம் எங்கள் தெருவில் நடக்கிறதே, அதைத் திரும்பப் பெறப்போவது யார்? மே 1 சம்பளத்துடன் கூடிய கட்டாய விடுமுறை என்று 1958ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அன்று எங்கள் கடையில் கோடைத் தள்ளுபடி நடந்தது.

போட்டி கடுமையாகிவிட்டது, இணையத்தில் எல்லோரும் வாங்குகிறார்கள், லாபம் குறைந்துவிட்டது என்று முதலாளிகள் சொல்வதில் உண்மை இருக்கலாம். லாபம் குறைந்தால் விளம்பரப் பலகையைக் குறைக்கட்டும், புதிய கிளையைத் தள்ளிப் போடட்டும். எங்கள் தூக்கத்தில் கை வைக்கக் கூடாது. வாடிக்கையாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். இரவு 9.20க்கு உள்ளே வந்து, வாங்கும் எண்ணம் இல்லாமல் நாற்பது புடவைகளை இறக்கச் சொல்கிறவர்களே, அந்த நாற்பதையும் மடித்து வைத்த பிறகுதான் உங்கள் எதிரே நிற்பவள் வீட்டுக்குப் போக முடியும். தொழிலாளர் துறை அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: பகல் 11 மணிக்கு வந்து பதிவேட்டைப் புரட்டாதீர்கள். இரவு 10 மணிக்கு வந்து, ஷட்டர் இறங்கிய கடைகளில் எந்தெந்த மாடியில் விளக்கு எரிகிறது என்று தெருவில் நின்று பாருங்கள்.

எங்கள் தளத்தில் சிலர் இப்போது உண்மையில் வெளியேறும் நேரத்தை நாள்தோறும் நோட்டில் எழுதி, பக்கத்தில் நிற்பவரிடம் கையெழுத்து வாங்கி வைக்கிறோம். "இன்று யாரும் போகக் கூடாது" என்று வாட்ஸ்அப் குழுவில் வரும் செய்திகளையும் அழிக்காமல் சேர்த்து வைத்திருக்கிறோம். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த ஒருவரைத் தகுந்த காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்காமலும் நீக்க முடியாது என்று அதே 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41ஆவது பிரிவு சொல்வதை அச்சிட்டுக் கைப்பையில் வைத்திருக்கிறேன். தனியாகப் போய்க் கேட்டவளைத்தான் குடோனுக்கு மாற்ற முடிந்தது. சேர்ந்து போனால் அத்தனை பேரையும் மாற்றக் குடோனில் இடமில்லை. இந்த மாதச் சம்பளம் வந்தவுடன் நோட்டுகளோடு தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்குப் போகிறோம். நாகர்கோவிலிலோ தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ வேறு எந்தக் கடையில் நிற்கிறவர்களாக இருந்தாலும், இன்றிரவு முதல் நீங்களும் நேரத்தை எழுதத் தொடங்குங்கள். எழுதியதை எடுத்துக்கொண்டு எங்களோடு வாருங்கள்.